எட்டெழுத்துக்குள் இரண்டு பாலசுப்பிரமணிகள்

1

குடியாத்தத்தில் என்னோடு படித்த சாந்தி இப்போது ஒரு சிறுபத்திரிகை நடத்துகிறாள். அதில் வெளிநாடு போனவர்கள் எழுதும் பகுதி ஒன்று உண்டு. நியூஜெர்சிக்காரர் பனியைப் பற்றி எழுதினார். மஸ்கட்காரர் வெயிலைப் பற்றி எழுதினார். சிங்கப்பூர்க்காரர் அபராதங்களைப் பற்றி எழுதினார். ஆள் தீர்ந்துபோனதும் சாந்தி எனக்கு போன் செய்தாள்.

"நீ எழுதுடி."

"நான் எந்தக் கடலைக் கடந்தேன்? ஜோலார்பேட்டையைத்தான் கடந்தேன்."

"பாஷை வேற, போலீஸ் வேற, ரேஷன் கார்டு வேற. அப்புறம் இன்னா வேணும் உனுக்கு?"

யோசித்தால் அவள் சொல்வதும் சரிதான். காலையில் குடியாத்தத்தில் இட்லி சாப்பிட்டு ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு பெங்களூர் வந்துவிடலாம். பாஸ்போர்ட் வேண்டாம். ஆனால் வந்த முதல் வருடம் காஸ் இணைப்புக்குப் போனபோது அங்கிருந்தவர் என் குடும்பப் பெயரைக் கேட்டார். அப்படி ஒன்று கிடையாது, இனிஷியல் ஆர். என்பது அப்பா ராமலிங்கம் என்றேன். அவர் பரிதாபமாகப் பார்த்தார். காஸ் புத்தகம் 'திரு. ராமலிங்கம் திரிபுரா' என்ற ஆண்பிள்ளையின் பேரில் வந்தது. அந்த மனிதர் பெயரில்தான் பத்து வருடமாக எங்கள் வீட்டில் சாம்பார் கொதிக்கிறது.

போன வாரம் வைட்ஃபீல்டில் எங்கள் அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த ரோஹித் என்பவர் ஒரு பழைய நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "மேடம், இதை எழுதினது நம்ம திரிபுரா டீமா? அங்கே நமக்கு ஆபீஸ் இருக்கா?"

நிரலின் தலையில் எழுதியவர் பெயர் இருந்தது: 'திரிபுராஸ்'. அந்தக் காலத்து யூனிக்ஸ் கணினிகளில் பயனர் பெயர் எட்டு ஆங்கில எழுத்தைத் தாண்டக்கூடாது. திரிபுரசுந்தரியாகிய நான் எட்டாவது எழுத்தில் வெட்டுப்பட்டு திரிபுராஸ் ஆனேன். நகரமே அதைப் பிடித்துக்கொண்டது. வடகிழக்கில் எந்த ஊர், மழை ரொம்ப ஜாஸ்தியா என்று என்னை விசாரித்தவர்கள் பலர். ஆரம்பத்தில் மறுத்தேன். பிறகு, ஆமாம், ஜாஸ்திதான் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

"அந்த டீம் நான்தான்" என்று ரோஹித்திடம் சொன்னேன். சாந்திக்கு என்ன எழுதுவது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

2

நான் பெங்களூர் வந்தது காவிரிக் கலவரம் அடங்கிய சில மாதங்களில். லிங்கராஜபுரத்தில் ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டில் எனக்கும் என் கணவருக்கும் ஓர் அறை. மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. பால்காரரிடம் கன்னடம், கறிக்கடையில் உருது, மாதாவிடம் தமிழ் என்று ஒரே மூச்சில் மாறுவார்கள். எனக்கு அவர்கள் தந்த முதல் புத்திமதி: "பஸ்ல கண்டக்டர் இன்னா கேட்டாலும் சில்லறைய நீட்டு. வாயத் தொறக்காத."

நடந்து போகும் தூரத்தில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி. முதலாளி ராவ் சார். நல்ல மனிதர். கோபம் வந்தால் கன்னடம், சந்தோஷம் வந்தால் இங்கிலீஷ். தொழிற்சாலைகளுக்கு ஊழியர் விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருள் செய்து விற்றோம். அது யூனிக்ஸில்தான் ஓடும். வாடிக்கையாளர்களோ விலை மலிவென்று டாஸ் கணினிகளாக வாங்க ஆரம்பித்தார்கள். இரண்டிலும் ஓட வேண்டும் என்றார் ராவ் சார்.

அதற்குத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். கோப்பைத் திற, படி, எழுது, மூடு, அழி, பெயர் மாற்று. இவ்வளவுதான் எல்லாக் கணினியும் செய்வது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தோரணை. யூனிக்ஸில் அடைவு எனப்படும் டைரக்டரிகளுக்கு நடுவே கோடு வலப்பக்கம் சாயும், டாஸில் இடப்பக்கம். யூனிக்ஸ் பெரிய எழுத்து ராமையும் சின்ன எழுத்து ராமையும் இரண்டு ஆளாகப் பார்க்கும். டாஸுக்கு இரண்டும் ஒருவரே. ஒரு கோப்பை யாரோ படித்துக்கொண்டிருக்கும்போதே யூனிக்ஸில் அழிக்கலாம். டாஸில் அதைத் தவிர்ப்பதே நல்லது. இந்த வித்தியாசமெல்லாம் மேலே இருக்கும் நிரலுக்குத் தெரியாதபடி, ஒவ்வொரு வேலைக்கும் சி மொழியில் ஓர் உறை எழுத வேண்டும். மேலே இருப்பவர் 'திற' என்று சொன்னால் போதும். எந்த ஊரில் எப்படித் திறப்பது என்பது உறையின் கவலை.

இதில் பெரிய வம்பு பெயர்தான். யூனிக்ஸில் கோப்பின் பெயர் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். டாஸுக்கு எட்டெழுத்து. மீதியை அது சத்தமில்லாமல் விழுங்கிவிடும். எங்கள் மென்பொருளோ ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் பெயரிலேயே ஒரு கோப்பு வைத்தது. அதனால் எட்டுக்கு மேல் போனால் 'பெயர் நீளம்' என்று பிழை சொல்லி மறுக்கும்படி என் உறையை எழுதினேன். ராவ் சார் முன்னால் ஓட்டிக் காட்டினேன். முதலில் தட்டிய பெயர் வெங்கடாசலபதி. பிழை. அடுத்தது தட்சிணாமூர்த்தி. பிழை.

"நிம்ம கடெ ஹெசரு உத்த இத்ரெ, அதக்கெ கஸ்டமர் ஏன் மாட்பேகு?" என்றார். உங்கள் பக்கத்தில் பெயர் நீளமாக இருந்தால் அதற்கு வாடிக்கையாளர் என்ன செய்வார் என்று அர்த்தம். "கட் மாடி."

வெட்டினால் இரண்டு பேர் ஒரே பெயருக்குள் வந்துவிடுவார்கள் என்று சொன்னேன். வாதாடி ஒன்று மட்டும் வாங்கினேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால், 'இருக்கிறது, மேலே எழுதட்டுமா?' என்று திரையில் கேட்கும். 'ஒய்' தட்டினால் எழுதும், 'என்' தட்டினால் நிறுத்தும். பாதுகாப்பு ஆயிற்று என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

3

பொம்மசந்திராவில் ஓர் எஃகுத் தொழிற்சாலை. அங்கே தொழிலாளர்களுக்கான டிஸ்பென்சரியில் எங்கள் டாஸ் மென்பொருள் போய் உட்கார்ந்தது. சில மாதம் கழித்து அங்கே ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர் ராவ் சாருக்கு போன் செய்தார். ஒரு கிரேன் ஆபரேட்டருக்குக் கண் சரியில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, அந்த ஆளோ கம்ப்யூட்டருக்குத்தான் சரியில்லை என்கிறான், அவனுக்குத் தமிழைத் தவிர எதுவும் ஏறவில்லை என்றார்.

ராவ் சார் என்னைக் கூப்பிட்டார். "கோ அண்ட் டெல் ஹிம் இன் தமிழ். கம்ப்யூட்டர் ஈஸ் ரைட்."

இப்படியாக, கம்ப்யூட்டர் சொன்னது சரி என்பதைத் தமிழில் மொழிபெயர்க்க நான் இரண்டு பஸ் மாறி ஒசூர் ரோடு போனேன்.

டிஸ்பென்சரி வாசல் பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தடித்த கண்ணாடி. நான் உள்ளே நுழையும்போது மரியாதைக்கு எழுந்தவர், எனக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பானையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவர்தான் மணி. முழுப் பெயர் பாலசுப்பிரமணி, தருமபுரிப் பக்கம். வருடக்கணக்காகக் கூரைக்கடியில் ஓடும் கிரேனை ஓட்டியவர்.

"ஏங்க மேடம், எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுங்க" என்றார். "மேல உக்காந்துக்கிட்டுக் கீழ கெடக்குற போல்ட்ட எண்ணுவேங்க. கண்ணு டெஸ்ட்டு வெச்சாங்க. பவர் ஜாஸ்தின்னு சீட்டு வந்துச்சு. கம்பெனியில கண்ணாடி குடுத்தாங்க. போட்டாத்தான் கேட்டுக்குள்ள விடுவேன்னுட்டாங்க. போட்டா ஒண்ணுந் தெரியலைங்க."

"கழட்டிட்டுக் காட்ட வேண்டியதுதானே?"

"சிஸ்டர் மறுக்கா டெஸ்ட்டு வெச்சாங்க. ரூலுங்க, கண்ணாடியோடதான் வெக்கணும்னாங்க. ஒரு எழுத்துந் தெரியல. கண்ணாடி போட்டும் தெரியலன்னா ரொம்ப முத்திப்போச்சுன்னு எழுதிட்டாங்க."

கிரேனிலிருந்து அவரை இறக்கிக் குடோனில் பெட்டி அடுக்கப் போட்டிருந்தார்கள். இப்போது அடுத்த கட்டம்: வேலைக்கே தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு. அதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே லலிதா சிஸ்டர் கணினியைத் திறந்தார். நான் அவர் பெயரைத் தட்டினேன். பி, ஏ, எல், ஏ, எஸ், யு, பி, ஆர். எட்டாவது எழுத்தில் திரை நின்றது. வெட்டுவது எங்கே என்று எனக்குத் தெரியும். அந்தக் கத்தியைச் செய்தவள் நான்தானே.

"சிஸ்டர், இங்கே இன்னொரு பாலசுப்பிரமணி இருக்காரா?"

"இதாரே. குடோன்ல பாலசுப்பிரமணியம். ஆம்பூரு. பாலு அந்தாரே எல்லா." இருக்கிறார், எல்லோரும் பாலு என்பார்கள் என்று.

பாலுவின் பெயரைத் தட்டினேன். அதே எட்டெழுத்து, அதே கோப்பு, அதே பவர். கண் முகாமில் முதலில் மணியை எழுதியிருக்கிறார்கள். அடுத்து பாலு. பாலுவின் கண் மணியின் கண்ணுக்கு மேல் உட்கார்ந்துவிட்டது. முகாம் முடிந்து அச்சடித்தபோது இரண்டு பேருக்கும் ஒரே சீட்டு வந்து, ஒரே பவரில் இரண்டு கண்ணாடி வந்திருக்கிறது.

"திரையில ஒரு கேள்வி கேட்டிருக்குமே, மேலே எழுதட்டுமான்னு?"

"எல்லார்க்கும் கேக்குது" என்றார் சிஸ்டர், தமிழுக்கு மாறி. "போன வருஷத்து டீட்டெயில் முன்னாடியே போட்டு வெச்சிருந்தோம்ல? ஒவ்வொரு பேருக்கும் கேக்குது. ஒய் ஒத்தில்லாந்த்ரெ முந்தெ ஹோகல்ல. ஒய் அமுக்கலன்னா மேல போகாது மேடம். நானு என்ன பண்றது?"

நூறு முறை நியாயமில்லாமல் கேட்ட கேள்வி, ஒரே ஒரு முறை நியாயமாகக் கேட்டிருக்கிறது.

பர்சனல் ஆபீசரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சோ, கம்ப்யூட்டர் மிஸ்டேக் அல்ல, பேர் மிஸ்டேக்" என்றார். டாக்டர் வியாழக்கிழமை வருவார், அவர் பார்த்து எழுதினால் யோசிக்கலாம் என்றும் சொன்னார்.

4

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சம்பவம் நடந்தபோது அவள் என் வயிற்றில் இருந்தாள். பிறக்கப்போகும் குழந்தைக்கு எந்தக் கணினியாலும் வெட்ட முடியாத பெயர் வைப்பது என்று அப்போதே முடிவு செய்தேன். மாமனார் தன் தாயின் பெயரைச் சொன்னார். இங்கிலீஷில் பதினான்கு எழுத்து. சண்டை போட்டு 'மது' என்று வைத்தேன்.

இப்போது அவள் வகுப்பில் நான்கு மதுக்கள். மது எஸ்., மது கே., மது எம். எல்லாம் இருக்கிறார்கள். ஆசிரியை இவளை 'தமிழ் மது' என்கிறாராம். தமிழ் மதுவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்பது வேறு விஷயம். கோபம் வந்தால் என்னிடம் கன்னடத்தில் பேசுகிறாள். ராவ் சாரிடம் வேலை பார்த்தபின் இன்னும் ஒருவர் வீட்டிலும் வேண்டுமா என்று இருக்கிறது.

இந்தக் கதையை அவளிடம் சொன்னபோது, "அவங்க ரெண்டு பேரும் பேர் சேஞ்ச் மாடிக்கலாமே மம்மி?" என்று கேட்டாள். ஒரு வாக்கியத்தில் மூன்று பாஷை. வாக்கியத்தைத் திருத்தப் போனேன். அதற்குள் விளையாடப் போய்விட்டாள்.

5

வியாழக்கிழமை நானும் போனேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ராவ் சாரிடம் 'டேட்டா சரிபார்க்க' என்று சொல்லிவிட்டுப் போனேன்.

டாக்டர் வயதானவர், கன்னடக்காரர். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். மணி கழற்றினார். அறையைச் சுற்றிப் பார்த்து, என்னைப் பார்த்து, இந்த முறை எனக்கே கும்பிட்டார்.

சுவரில் எழுத்துப் பலகை தொங்கியது. முழுக்கக் கன்னடம். இங்கிலீஷ் பலகை கிழிந்துவிட்டதாம்.

"ஓதப்பா" என்றார் டாக்டர். படி என்று.

மணி பார்த்தார். மேலிருந்து கீழாக மறுபடி பார்த்தார்.

"காணல்வா?"

"தெரியுதுங்க. ஆனாத் தெரியலைங்க."

பர்சனல் ஆபீசர் என்னைப் பார்த்த பார்வையில், கம்ப்யூட்டர் வென்றுவிட்டது என்ற திருப்தி இருந்தது. "அவருக்குக் கன்னட எழுத்துத்தான் தெரியாது சார், கண்ணு தெரியும்" என்று கத்தினேன். ஸ்டெல்லா ஆன்ட்டியின் புத்திமதி நினைவுக்கு வரவில்லை. "அண்ணே, எழுத்து என்னன்னு சொல்ல வேணாம். எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க."

மணி தொண்டையைச் செருமினார்.

"மொதல்ல இருக்கறது கிரேன் கொக்கியாட்டம், வாய் வலப்பக்கம் பாக்குதுங்க. அடுத்தது சங்கிலியில ரெண்டு கண்ணி, மேல ஒரு வாலு. அதுக்கு அடுத்தது அதே கொக்கிதான், ஆனா உள்ள ஒரு புள்ளி இருக்குதுங்க." இரண்டாவது வரிக்கு இறங்கினார். மூன்றாவது, நான்காவது. கப்பி, பெல்ட், வளைந்த ஆணி, முறுக்கின கம்பி என்று தொழிற்சாலையே அந்தப் பலகையில் இருந்தது. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து பலகை அருகே போய், தன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கடைசி வரிக்கும் கீழே போனார் மணி.

"அதுக்கும் அடியில பொடிசா ஏதோ அச்சடிச்சிருக்குதுங்க. மொத்தம் ரெண்டு வார்த்தை. நடுவுல ஒரு கோடு."

டாக்டர் குனிந்து பார்த்தார். அச்சகத்தின் பெயர். அவர் இத்தனை வருடம் கவனித்ததே இல்லை.

"கண்ணு சென்னாகிதெ" என்று சிரித்தார். கண் நன்றாக இருக்கிறது. "நன்கிந்த சென்னாகிதெ." என்னைவிட நன்றாக இருக்கிறது.

மணி சிரிக்கவில்லை. கையில் இருந்த கண்ணாடியை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார். "அப்ப நான் மேல ஏறலாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கம்ப்யூட்டரில் ஏறிய பிறகு ஏறலாம் என்றார் பர்சனல் ஆபீசர்.

நான் சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "இதை இப்போ போடாதீங்க. நிரலை மாத்திக் கொண்டு வரேன். அதுக்கு அப்புறம் போடலாம்." சிஸ்டர் தலையாட்டினார்.

6

பெயரின் முதல் ஆறெழுத்து, பிறகு இரண்டு இலக்க எண். பாலசு ஒன்று, பாலசு இரண்டு. ராவ் சாரைச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. அடுத்த வாரம் பிளாப்பியோடு போனேன்.

தொழிற்சாலைக் கூடத்துக்குள் நுழைந்தபோது தலைக்கு மேலே மணி அடித்தது. கிரேன் வருகிறது, ஒதுங்கு என்ற மணி. அண்ணாந்தேன். கூண்டிலிருந்து பாலசுப்பிரமணி கையை ஆட்டினார்.

"போட்டுட்டீங்களா?" என்று டிஸ்பென்சரியில் சிஸ்டரிடம் கேட்டேன்.

"ஆபீசர் பிரிண்ட் கேட்டாரு மேடம். அர்ஜென்ட் அந்தாரு." அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"கேள்வி கேட்டுதா?"

"கேட்டுது. ஒய் போட்டேன்."

இப்போது மணியின் கண் பாலுவின் கண்ணுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு பேருக்கும் பார்வை பிரமாதம் என்று சீட்டு வந்திருந்தது. கண் நன்றாக இருப்பவனுக்குக் கம்பெனிக் கண்ணாடி எதற்கு என்று இரண்டு பேரிடமும் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

நான் குடோனுக்கு ஓடினேன். பாலுவை அதுவரை நான் பார்த்ததில்லை. பெட்டிகளுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்து, பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். மூக்கின் மேல் தடித்த கண்ணாடி.

"கண்ணாடிய வாங்கிக்கலையா உங்ககிட்ட?"

"என்னுத வாங்கிக்கினாங்க மா" என்றார் பாலு. "இது மணியோடது. அவன் தொலைஞ்சிப் போச்சின்னு எழுதிக் குடுத்துட்டு எனுக்குக் குடுத்தான். ரெண்டும் ஒரே பவர்தானே."

கண்ணாடியை ஒரு விரலால் ஏற்றிக்கொண்டார். "கண்ணாலமான நாள்லேர்ந்து எம் பொண்டாட்டி மூஞ்சிய நான் இப்பதாம்மா பாக்கறேன். பரவால்ல, நல்லாத்தான் கீறா. கண்ணு பூத்துப் போச்சின்னு வெளிய சொல்லாம இத்தினி வருஷம் ஓட்டிட்டேன். அந்த கம்ப்யூட்டரு மட்டும் இல்லன்னா இது கெடச்சிருக்குமா?"

நான் பிளாப்பியைக் காட்டினேன். இனிமேல் இரண்டு பேருக்கும் தனித்தனிக் கோப்பு, டாக்டரிடம் இன்னொரு முறை காட்டினால் முறைப்படி அவர் பெயருக்கே கண்ணாடி வரும் என்று விளக்கினேன். அவர் முகம் மாறியது.

"வேணாம்மா. மறுபடியும் கேக்கப் போனா இதையும் புடுங்கிக்குவாங்க. என்னை அதுல போடாதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

டிஸ்பென்சரிக்குத் திரும்பிப் புதிய நிரலை ஏற்றினேன். மணியின் பெயரைத் தட்டினேன். எந்தக் கேள்வியும் கேட்காமல், சரியாகத் தனிக் கோப்பில் போய் உட்கார்ந்தது. அடுத்து பாலுவின் பெயர். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். அந்தப் பெயருக்கு எதிரே இருந்த 'பார்வை பிரமாதம்' என்பதை இருந்தபடி விட்டுவிட்டுக் கணினியை அணைத்தேன். நான் எழுதியதிலேயே பிழையில்லாத நிரல் அது. அதை யாருக்காக எழுதினேனோ அவர்களில் ஒருவர் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டார்.

ஷிப்ட் முடிந்து பாலுவும் என்னோடு ஒசூர் ரோடு வரை வந்தார். நான் வாயும் வயிறுமாக இருப்பதைப் பார்த்துப் பையை வாங்கிக்கொண்டார். நிழற்குடையில் நின்றோம். தூரத்தில், லாரிகளுக்குப் பின்னால் ஒரு பஸ் திரும்பியது. எனக்குப் பஸ் என்று மட்டும்தான் தெரிந்தது. பாலு எக்கிப் பார்த்தார்.

"முந்நூத்தி அம்பத்தாறு!" என்று ஊருக்கே கேட்கும்படி கூவினார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. "நம்பரு நான் சொல்லிட்டேன். எங்க போவுதுன்னு கன்னடத்துல கீது. அத நீங்க படிச்சிக்கங்க மா, படிச்சவங்க."

"எனக்கும் அந்த எழுத்துத் தெரியாதுண்ணே" என்றேன்.

அவர் கண்ணாடிக்குள்ளிருந்து என்னை உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். பஸ் வந்து நின்றது. எங்கே போகிறது என்று கண்டக்டரைத் தமிழிலேயே கேட்டேன்.